ஓமம் வளர்த்த இடம்

வீடு விற்க இவ்வளவு கடதாசி வேண்டும் என்று தெரிந்திருந்தால் குமுதினி வீடே வாங்கியிருக்க மாட்டாள். ஜெர்மனியில் எசன் நகரில் பஸ் ஓட்டுகிறவள் அவள். நடுவில் மடிகிற நீள பஸ்ஸை ஒடுங்கிய தெருவில் யாருடைய கண்ணாடியிலும் உரசாமல் திருப்புவாள். அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் அவளுக்கு வராது. ஆனாலும் வேறு ஆளில்லை. மகள் வேணுஜா டிரெஸ்டனில் வேலை செய்கிறாள். கணவர் செல்வராசா கடதாசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவர்.

ஓய்வு நாட்களில் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, துளை போட்டு, கோவையில் கோத்தாள். காணிப் பதிவின் பிரதி இருந்தது. வீட்டு வரைபடம் இருந்தது, மூலையில் தேத்தண்ணிக் கறையோடு. வீடு எவ்வளவு எரிசக்தியை விழுங்குகிறது என்று சொல்லும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, புதிது எடுத்தாள். எசன் நிலக்கரி தோண்டிய ஊர் என்பதால் வீட்டின் அடியில் பழைய சுரங்கம் ஏதும் போகிறதா என்று எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. போகவில்லை என்று பதில் வந்தது. போயிருந்தால் குமுதினிக்கு நல்லது. வீட்டில் உள்ள குறைக்கு வேறு யாரிலாவது பழி போட்டிருக்கலாம்.

கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. விற்கிறவருக்குத் தெரிந்த குறைகளை விற்கிறவரே எழுதிக் கொடுக்கும் தாள். பார்த்த கோலத்திலேயே வாங்குகிறேன் என்று வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பார். ஆனால் விற்றவர் தெரிந்துகொண்டே எதையாவது மறைத்தார் என்று பிறகு தெரியவந்தால் அந்தக் கையெழுத்து அவரைக் காப்பாற்றாது. நீதிமன்றம் வரைக்கும் இழுக்கலாம். கூரை, நிலவறை, ஜன்னல், குளியலறை எல்லாவற்றுக்கும் 'குறையில்லை' என்று எழுதினாள். ஹைட்சுங் என்று போட்டிருந்த இடத்தில், அதாவது வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு பற்றிய இடத்தில், பேனை நின்றது.

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'ஹோலில் சாப்பாட்டு மேசைப் பக்கம் தரைச் சூடு இல்லை. அந்தக் குழாய்ச் சுற்று மூடப்பட்டிருக்கிறது.'

ஏன் மூடப்பட்டது என்று தாள் கேட்கவில்லை. அவளும் எழுதவில்லை.

இந்த வீட்டை விற்றே தீரவேண்டும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்குத் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டை விற்க நாள் குறித்துவிட்டுச் சொல், மாதம் முடியும் மட்டும் வைத்திருக்கிறேன் என்றார். விற்காவிட்டால் அவள் பாதி தன் பெயரிலும் பாதி செல்வராசா பெயரிலும் இருக்கிற இந்த வீட்டில், அவர் விட்டுப்போன சப்பாத்துகளைத் தூசு தட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அவர் போய் மூன்று வருடம். அவருக்கு ஸ்ருட்கார்ட் பக்கம் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷனில் ஓர் அறை எடுத்து இருந்தார். ட்ராமில் போகலாம்.

ஹைட்சுங் கதை இதுதான்.

வீட்டை வாங்கியபோது குடிபூரலுக்கு ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார். வேலை நாள், விடியற்காலை. அந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். ஐயர் அடியில் கால் பூட்டிய செப்பு ஓமகுண்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மேசைப் பூந்தொட்டி அளவுதான் இருக்கும். இந்த நாட்டு வீடுகளுக்கு இது போதும் என்றார். செல்வராசாவுக்கு அது போதவில்லை. வாழ்க்கையில் ஒரு வீடு, அதற்கு இந்தச் சட்டியிலா நெருப்பு என்றார். முதல்நாளே கட்டடச் சாமான் கடையில் கல் வாங்கி வைத்திருந்தார். மண் ஒரு பைதான் வாங்கியிருந்தார், தூக்கக் கஷ்டம் என்று. அந்த ஒரு பை மண்ணை ஓடு பதித்த தரையில் பரப்பி, மேலே கல் அடுக்கி, ஆள் உட்காரலாம் போல ஒரு குண்டம் கட்டினார்.

அதுவரைக்கும் அவர்கள் இருந்ததெல்லாம் சுவரோடு இரும்புச் சூடாக்கி பூட்டிய வாடகை வீடுகள். இந்த வீட்டில் சூடு நிலத்திலிருந்து வருகிறது என்று தெரியும். செல்வராசா அதைப் பார்க்கிற எல்லோருக்கும் சொல்லி, சப்பாத்தைக் கழற்றி மிதித்துப் பார்க்கச் சொல்லுவார். நிலத்தில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, அந்தக் குழாய் பிளாஸ்ரிக் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. பாதியில் கீழே ஓடு வெடித்தது. மண்ணுக்குள் வெடி வைத்த மாதிரிச் சத்தம். ஒரு பக்கக் கல் சரிந்து, பக்கத்தில் இருந்த கும்பத்தை இடித்தது. கும்பம் உருண்டு தண்ணீர் முழுவதும் நெருப்புக்குள் போனது. புகையும் சாம்பலும் கூரை வரைக்கும் எழும்பின. குமுதினி துணி எடுக்கக் குசினிக்கு ஓடினாள். திரும்பி வந்து, குனிந்து, சாம்பல் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஐயர் கூடுதலாக இரண்டு மந்திரம் சொல்லி, ஒரு குறையும் இல்லை என்றார். தட்சணையில் குறை வைக்கவும் விடவில்லை.

பிறகு ஹைட்சுங்கில் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்கியது. குழாய்க்காரன் வந்து கருவி பிடித்துப் பார்த்து, இந்தச் சுற்றில் ஓட்டை, தரையை உடைத்தால்தான் திருத்தலாம் என்றான். ஓமம் வளர்த்த இடத்தில் அலவாங்கு போடக்கூடாது என்று செல்வராசா மறுத்துவிட்டார். குழாய்க்காரன் அந்தச் சுற்றை மூடிவிட்டுப் போனான். வெடித்த தரை ஓடுகளை மாற்றி, நிறம் பொருந்தாததால் மேலே கம்பளம் விரித்தார்கள். முதல் அக்கினியே அணைந்த வீடு என்று சனம் கதைக்கும் என்று பயந்து வேணுஜாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஓமம் நடந்தபோது அவள் மேல்மாடியில் நித்திரை.

விற்பனை விளம்பரம் போட்டதும் முதலில் ஒரு ஜெர்மன் சோடி வந்தது. குமுதினி அவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: இந்தப் பக்கம் சூடு வராது, தரையில் நெருப்பு மூட்டியதில் குழாய் பழுதாகிவிட்டது.

"வீட்டுக்குள்ளேயா? இறைச்சி வாட்டினீர்களா?" என்று அந்த மனிதன் கேட்டான்.

"இல்லை, சமயம்" என்றாள் குமுதினி.

"ஓ, அப்படியா" என்று சொல்லி, தொலைபேசியில் குறித்துக்கொண்டு, நிலவறையைப் பார்க்கப் போய்விட்டான். அவ்வளவுதான். அவர்கள் வாங்காமல் போனது வங்கி கடன் கொடுக்காததால்தான், வேறொன்றும் இல்லை. இவ்வளவு காலமும் இரண்டு பேர் வாயைக் கட்டிக்கொண்டிருந்த விசயம் அந்த மனிதனுக்குக் குழாய் விசயமாக மட்டும் இருந்ததைப் பார்க்க அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

அடுத்து வந்தவர்கள் ஆரணியும் தாய் சுகன்யாதேவியும். ஆரணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், முப்பது தாண்டியவள், இங்கேயே வளர்ந்தவள். தாய் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள், ஓய்வு பெறுகிற வயது. இரண்டு பேர் பெயரிலும் வாங்கப்போகிறார்கள். ஆரணி ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தாள். சுகன்யாதேவி வாசல் எந்தத் திசை என்று பார்த்தாள்.

"கிழக்கு வாசல். நல்லது" என்றாள். "இவளுக்கு இந்த வீட்டுக்குள்ளையிருந்தெண்டாலும் ஒரு கலியாணம் சரிவரவேணும்."

"அம்மா, வீடு பார்க்க வந்தனாங்கள், மாப்பிளை பார்க்க வரேல்லை" என்றாள் ஆரணி.

குமுதினி அந்தத் தாளைக் கொடுத்து, மேசைப் பக்கம் சூடு வராது என்று வாயாலும் சொன்னாள். ஏன் என்று ஆரணி கேட்டாள். பைப் பழுதாப்போச்சு என்றாள் குமுதினி. அது பொய் இல்லை. ஆரணி, சரி அன்ரி, அதுக்கு ஒரு மின்சாரச் சூடாக்கி வைக்கலாம் என்றாள். "அண்ணை எங்கை?" என்று சுகன்யாதேவி கேட்டாள். ஸ்ருட்கார்ட்டிலை வேலை, அதாலைதான் விக்கிறம் என்றாள் குமுதினி. அது பொய்.

எல்லாம் ஒத்துவந்தது. வீடு விற்பதை இந்த நாட்டில் நோட்டார் என்ற பத்திரச் சட்டத்தரணி முன்னால்தான் எழுத வேண்டும். அதற்கு நாளும் கிடைத்தது. இடையில் அளவெடுக்க என்று இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். ஆரணி மேல்மாடியில் நாடா பிடித்துக்கொண்டிருந்தபோது சுகன்யாதேவி ஹோலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"குமுதினி, நீங்கள் குடிபூரேக்கை எந்த இடத்திலை ஓமம் வளர்த்தனீங்கள்?"

குமுதினி சாப்பாட்டு மேசைக் கதிரையொன்றை உள்ளே தள்ளினாள்.

"எங்கட ஐயர் சொல்லுறார், ஏற்கெனவே அக்கினி வளர்த்த இடமெண்டா அதிலையே வளர்க்கட்டாம். நல்லதாம். அதுதான் கேக்கிறன்."

ஜெர்மன்காரர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். கம்பளத்தைக் காட்டினால் தூக்கிப் பார்ப்பாள். நிறம் பொருந்தாத தரை ஓடுகளைக் காண்பாள். சூடு வராத பக்கமும் அதே பக்கம் என்று உடனே பிடிபட்டுவிடும். குமுதினி விரலை நீட்டி, தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னலின் அடியைக் காட்டினாள்.

"உதிலைதான்."

சுகன்யாதேவி அந்த இடத்துக்குப் போய் நின்று, கும்பிட்டுவிட்டு, செருப்பில்லாத காலால் மிதித்துப் பார்த்தாள். "இளஞ்சூடா இருக்குது. நல்ல இடம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, பஸ் கடைசித் தரிப்பில் நின்றபோது குமுதினி தொலைபேசியைத் திறந்தாள். ஆரணி குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "அன்ரி, அம்மா ஐயரோடை கதைச்சிட்டா. ஜன்னலடி ஓகேயாம். கல்லும் மண்ணும் நாங்களே கொண்டுவாறம். பெரிசாச் செய்யவேணுமாம் அம்மாவுக்கு. உங்களையும் கூப்பிடச் சொன்னவ."

குமுதினி அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். கல்லும் மண்ணும். ஜன்னலடியிலும் குழாய் ஓடுகிறது. அது இன்னும் வேலை செய்கிற சுற்று, ஹோலின் மற்றப் பாதியைச் சூடாக்குவது அதுதான். தான் மறைத்த விசயத்தை அவர்கள் வீட்டிலேயே இன்னொரு தரம் நடக்க வைத்திருக்கிறாள், விரல் நீட்டி இடமும் காட்டிக் கொடுத்து. தரையில் நெருப்பு வைக்காதேயுங்கோ என்று இனிச் சொல்லவும் வழியில்லை. நீங்கள் வைத்தீர்கள்தானே, ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்று கேட்பார்கள்.

புறப்படும் நேரம் கடந்துவிட்டதால் ஒரு கிழவன் கண்ணாடியில் தட்டினான். அவள் கதவைத் திறந்தாள்.

வேலை முடிந்ததும் செல்வராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"அவை ஜன்னலடியிலை ஓமம் வளர்க்கப் போகினமாம்."

"வளர்க்கட்டன். நல்ல விசயம்தானே."

"அதுக்குக் கீழையும் பைப் போகுது."

பின்னால் ரீவி ஓடியது. "உம்மை ஆர் ஜன்னலடியைக் காட்டச் சொன்னது?"

"வாய் திறக்காதேயும் எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள். வாயைத் திறக்கேல்லை. விரலைத்தான் நீட்டினன்."

"கோயிலிலை செய்யச் சொல்லும்."

"என்ன சாட்டுச் சொல்லி?"

"ஏதாவது சொல்லும். இல்லாட்டி ஒண்டு செய்வம். கையெழுத்து வைக்கட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"பிறகு சொன்னா அதுக்கு வேறை பேர். அதை நீதவான் சொல்லுவார்."

"சனம் என்ன சொல்லும் எண்டு தெரியுமோ உமக்கு? முதல் நாளே அக்கினி நூந்த வீடு, அதுதான் மனிசனும் மனிசியும் பிரிஞ்சவை எண்டு சொல்லும்."

"நாங்கள் பிரிஞ்சது ஓமத்தாலை இல்லை. நீங்கள் அஞ்சு வருசம் ரீவியோடை மட்டும் கதைச்சதாலை."

"அது கிரிக்கெட்."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் என்று அவளுக்குத் தெரியும். பயம் என்றும் தெரியும். பெரிய குண்டம் கட்டியது அவர். ஒரு பை மண்ணோடு நிறுத்தியதும் அவர். குடும்பத்தில் எது சரிவராவிட்டாலும் அந்த மனிதர் கம்பளத்தைத்தான் பார்ப்பார், வாய் திறந்து சொல்லமாட்டார். அவருடைய அந்தப் பார்வை குமுதினிக்குச் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சுகன்யாதேவி இருந்த மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஆரணி கடையில் இருந்தாள். சுகன்யாதேவி குசினி மேசையில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள்.

"தேத்தண்ணி பிறகு, அக்கா. ஒண்டு சொல்லவேணும். சொன்னாப் பிறகு தருவீங்களோ தெரியாது."

நின்றுகொண்டே சொன்னாள். கல், மண், ஓடு வெடித்தது, கும்பம் உருண்டது, நெருப்பு அணைந்தது, குழாய் பழுதானது, கம்பளம் விரித்தது எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலடியில் ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொன்னாள். சொல்ல எடுத்த நேரத்தை நினைக்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய விசயம் என்று நினைத்தது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சுகன்யாதேவி பயிற்றங்காயைக் கீழே வைத்தாள்.

"அப்ப அண்ணை ஸ்ருட்கார்ட்டிலை?"

"இல்லை, அக்கா. கெல்சன்கிர்ஷனிலை. தனிய இருக்கிறார்."

"வேறை ஏதும்?"

"வேறை ஒண்டும் இல்லை. நிலவறையிலை ஈரம் இல்லை. கூரையும் நல்லம்."

சுகன்யாதேவி எழுந்து போய்க் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"எங்கட கலியாணத்திலை ஒரு குத்துவிளக்குக்கூட நூரேல்லை" என்றாள். "ஓமத்துக்கு மூண்டு ஐயர். எல்லாம் சரியான நேரத்துக்கு. கலியாணம் முடிஞ்சு எட்டாம் மாதம் அந்த மனிசனை வீட்டிலை வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள், இவள் வயித்திலை. பிறகு வரேல்லை." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அதாலை நூந்த நெருப்பைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. ஆருக்குத் தெரியும்."

குமுதினி மேசை ஓரத்தில் சிதறிக் கிடந்த ஒரு பயிற்றங்காய்த் துண்டை எடுத்து வைத்தாள்.

"ஆனா ஜன்னலடி" என்றாள் சுகன்யாதேவி. குரல் உயரவில்லை. அதுவரை நீங்கள் என்றவள் நீர் என்றாள். "நான் அதிலை நிண்டு கும்பிட்டனான். நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர். என்ர பிள்ளை முதல் தரம் நெருப்புக்கு முன்னாலை இருக்கேக்கை கீழை வெடிச்சிருந்தா, அவள் பிறகு அந்த வீட்டிலை எப்பிடி இருப்பாள்? அவளுக்கு ஓமமும் தெரியாது, ஒண்டும் தெரியாது. எனக்காகச் செய்யிறாள்."

"பிழைதான், அக்கா."

"பிழைதான் எண்டு எனக்கும் தெரியும். இனி நீர் வாயாலை சொல்லுறது ஒண்டும் எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் எழுதும். இப்ப சொன்ன மாதிரி, எங்கை, என்னண்டு, என்ன நடந்தது எண்டு. அந்தத் தாளிலை இல்லை, ஒப்பந்தத்திலை. நோட்டார் வாசிக்கவேணும். அண்ணையும் இருந்து கேட்டுக் கையெழுத்து வைக்கவேணும். அப்பிடியெண்டா வாங்குவம். இல்லையெண்டா வேறை ஆளைப் பாரும்."

தேத்தண்ணி தரவில்லை.

அன்றிரவே குமுதினி ஜெர்மன் மொழியில் எழுதினாள். பஸ்ஸில் விபத்து நடந்தால் எழுதிக் கொடுக்கும் அறிக்கை மாதிரி எழுதினாள். அது அவளுக்குப் பழக்கம். எந்த இடம், என்ன நடந்தது, எது பழுது, அவ்வளவுதான். வேணுஜா டிரெஸ்டனிலிருந்து பிழை திருத்தி அனுப்பினாள். கீழே, 'அம்மா, இது எனக்கு ஏன் இவ்வளவு காலமும் தெரியாது?' என்று ஒரு வரி போட்டிருந்தாள். குமுதினி அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அச்செடுத்தாள். நோட்டாரின் காரியதரிசி அதை வாங்கி, ஒன்றும் கேட்காமல், ஒப்பந்தத்தில் ஓர் இலக்கம் போட்டுச் சேர்த்துக்கொண்டாள். புதிய பிரதி எல்லோருக்கும் போனது. செல்வராசா அதைத் திறந்து பார்த்திருக்கமாட்டார் என்று குமுதினிக்குத் தெரியும். அதனால் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"எழுதிப்போட்டீரோ?" என்றார்.

"எழுதிப்போட்டன். வாசிப்பினம். நீங்களும் இருக்கவேணும்."

"அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நோட்டாரிட்டைப் போற டேர்மின் செவ்வாய்க்கிழமை பத்து மணி" என்று சொல்லி வைத்துவிட்டாள். கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்கிற மனிதர். அவர் இல்லாமல் பாதி வீட்டை விற்க முடியாது. அவர் வராவிட்டால் அந்த இரண்டு அறை வீடும் போய்விடும், ஆரணிக்கு இந்த வீடும் போய்விடும். அவளால் செய்யக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நோட்டாரின் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் ஆரணியும் சுகன்யாதேவியும். சுகன்யாதேவி சேலை உடுத்து வந்திருந்தாள், மேலே குளிர்கோட்டு. மறுபக்கம் குமுதினி, பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக. நோட்டார் மெலிந்த மனிதர், அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து தாண்டியது. இன்னும் சற்று நேரத்தில் அடுத்த ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று காரியதரிசி வந்து சொன்னாள். ஆரணி தாயைப் பார்த்தாள். தாய் யாரையும் பார்க்கவில்லை.

செல்வராசா வந்தார். சவரம் செய்து, தேய்த்த சேர்ட் போட்டிருந்தார். ட்ராம் பிந்திவிட்டது என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். வெறுங்கதிரையை இழுத்து, குமுதினிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை உரத்து வாசிக்க வேண்டும் என்பது சட்டம். நோட்டார் வேகமாக வாசித்தார், மூச்சு வாங்காமல், புகைவண்டி அறிவித்தல் மாதிரி. விற்பவர்கள் பெயர், பிறந்த திகதி, முகவரி. கெல்சன்கிர்ஷன் என்று வாசித்தபோது செல்வராசா மேசையைப் பார்த்தார். சுகன்யாதேவியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காணி இலக்கம், வீட்டின் அளவு, கடன் இல்லை என்பது, சாவி கொடுக்கும் நாள்.

பிறகு அந்த இலக்கம் வந்தது. நோட்டார் அதையும் அதே வேகத்தில் வாசித்தார். வீட்டுக்குக் குடிவந்த அன்று ஹோலின் கிழக்குப் பகுதியில், ஒரு சமயச் சடங்குக்காக, தரையில் கல் அடுக்கித் திறந்த நெருப்பு மூட்டப்பட்டது. மண் போதுமான தடிப்பில் போடப்படவில்லை. வெப்பத்தில் தரையில் பதித்த ஓடு வெடித்தது. அருகில் இருந்த தண்ணீர்ப் பாத்திரம் விழுந்ததால் நெருப்பு அணைந்தது. பின்னர் அந்தப் பகுதிக் குழாயில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு மூன்றாம் சுற்று மூடப்பட்டது. வீட்டின் எந்தப் பகுதியிலும் தரையில் நெருப்பு மூட்டக்கூடாது என்று வாங்குபவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஜெர்மன் மொழியில் அது அரைப் பக்கம்கூட இல்லை. ஆரணி தலையாட்டிக்கொண்டே கேட்டாள், கடையில் வாடிக்கையாளரின் கண் அளவைக் கேட்பது போல. நோட்டார் அடுத்த இலக்கத்துக்குப் போக வாயெடுத்தார்.

செல்வராசா கையைத் தூக்கினார். வகுப்பில் பொடியன்கள் தூக்குகிற மாதிரி, தோள்மட்டத்துக்கு.

"அது சரியில்லை" என்றார் ஜெர்மன் மொழியில்.

முடிந்தது என்று குமுதினி நினைத்தாள். பையைக் கையில் எடுத்தாள்.

"எது சரியில்லை?" என்று நோட்டார் கேட்டார்.

"நெருப்பு அணைந்தது என்று எழுதியிருக்கிறது. அது முழுதாக அணையவில்லை."

நோட்டார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். அது ஒப்பந்தத்துக்கு முக்கியமா என்று கேட்டார். குழாய் எப்படியும் பழுதாகிவிட்டதுதானே.

"முக்கியம்" என்றாள் சுகன்யாதேவி, அதே மொழியில். பிறகு செல்வராசா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அண்ணை, முழுக்க நூரேல்லையோ?"

"இல்லை, அக்கா. நான் அதுக்கு நேரை முன்னாலை இருந்தனான். தண்ணி ஒரு பக்கத்தாலைதான் போனது. மற்றப் பக்கம் ரெண்டு குத்தி எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. ஐயர் அதிலைதான் நெய் விட்டு முடிச்சவர். குண்டம் நான் கட்டினது. மண் காணாது. அது என்ர பிழை. அதை எழுதட்டும், பரவாயில்லை. ஆனா நெருப்பு நூந்தது எண்டு எழுதக்கூடாது. நூரேல்லை."

என்ன நடக்கிறது என்று நோட்டாருக்கு விளங்கவில்லை. ஆரணி மெல்லிய குரலில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். பிறகு குமுதினியைப் பார்த்தார்.

"நீங்களும் விற்பவர். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்களா?"

குமுதினி யோசித்தாள். புகை நினைவிருந்தது. துணி நினைவிருந்தது, சாம்பல் பிடித்து ஒருநாளும் வெளுக்காமல் போன குசினித் துணி. ஓம் என்று சொன்னால் எல்லோருக்கும் வசதி. செல்வராசா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. சுகன்யாதேவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "நான் குனிந்து தண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பைப் பார்க்கவில்லை. அணைந்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இவர்தான் பார்த்தவர்."

செல்வராசா திரும்பி அவளைப் பார்த்தார்.

"அப்படியானால் விற்பவரின் கூற்றுப்படி என்று எழுதலாமா?" என்று நோட்டார் கேட்டார்.

"எழுதுங்கள்" என்றாள் குமுதினி.

நோட்டார் சுகன்யாதேவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் பேனையை எடுத்து, அச்சிட்ட வரியில் ஒரு சொல்லை வெட்டி, ஓரத்தில் கையால் எழுதினார். எழுதியதை மறுபடி வாசித்தார், இந்தத் தரம் கொஞ்சம் ஆறுதலாக: விற்பவர் செல்வராசாவின் கூற்றுப்படி நெருப்பு ஒரு பகுதி மட்டுமே அணைந்தது, மறுபகுதி சடங்கு முடியும்வரை எரிந்தது.

"சரியா?"

"சரி" என்றார் செல்வராசா.

நோட்டார் மிச்சத்தை வாசித்து முடித்தார். கையெழுத்து வைக்கும் நேரம் செல்வராசாவிடம் பேனை இல்லை. குமுதினி தன்னுடையதை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.